எழுகடல் தெரு

கிழக்கே பஸ் ஏறினாலும் தெற்கே ஏறினாலும்
கடலுக்கு மூன்று மணி நேரம்.
இருந்தும் எங்கள் தெருவுக்கு இந்தப் பெயர்.
ராணி நீராட ஆசைப்பட்டாளாம்,
கடல்கள் எல்லாம் ஒரே குளத்துக்கு வந்தனவாம்.
குளம் இருந்த இடத்தில் இப்போது கடைகள்.
பக்கத்துச் சந்தில்
நாத்தனார் தமயந்தியின் பாத்திரக் கடை.
அதன் மாடியில், எவர்சில்வர் சத்தத்துக்கு மேலே,
நான் கடலடியைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நிக்கோபாருக்கு மேற்கே
பன்னிரண்டு கருவிகளை இறக்கினோம்.
தர்பூசணி அளவு கண்ணாடி உருண்டைக்குள்
ஒரு காது, ஒரு கடிகாரம், கொஞ்சம் பேட்டரி.
கப்பல் இழுத்துப் போன காற்றுத் துப்பாக்கி
நிமிடத்துக்கு ஒரு தரம் கடலைத் தட்டியது.
அவை கேட்டன.

அவ்வளவுதான் என் தொழில்.
கீழே தமயந்தி செய்வதும் அதுதான்.
அண்டாவை விரல் கணுவால் தட்டுவாள்,
காதைச் சாய்ப்பாள்.
கனமா, வெறும் தகடா, ஒட்டுப் போட்டதா,
பிளக்காமலே தெரிந்துவிடும் அவளுக்கு.
எனக்கு அத்தனை சுளுவில்லை.

திரை நிறைய நடுங்கும் கோடுகள்.
ஒவ்வொன்றிலும் முதல் நடுக்கத்தைத் தேடி
ஒரு புள்ளி வைக்க வேண்டும்.
கிட்டத்தில், நேராக வரும் அலை முந்தும்.
தூரம் கூடக்கூட,
மேலோட்டைத் தாண்டி இறங்கி
அதன் அடிவிளிம்பில் ஓடிய அலை
முதலில் வந்து நிற்கும்.
நம்பாதவர்கள் சாயங்காலம்
மாசி வீதிக்குள் வண்டியை விட்டுப் பார்க்கட்டும்.
ரிங் ரோட்டைச் சுற்றி வந்தவன்
அவர்களுக்கு முன்பே டீயை முடித்திருப்பான்.

அந்த முந்தலில்தான் எல்லாக் கணக்கும்:
ஓடு எத்தனை கிலோமீட்டர் தடிமன்,
எந்தச் சாய்வில் ஒரு தட்டு
இன்னொன்றின் கீழே நுழைகிறது.
வருஷத்துக்கு இரண்டு விரற்கடை, சத்தமில்லாமல்.
கடைப் பையன் தட்டுக்கடியில் தட்டைச் செருகும்போது
தெருவுக்கே கேட்கிறது.

புதன்கிழமை குளச்சலிலிருந்து ஒரு குடும்பம்,
கல்யாணச் சீர் வாங்க.
"எங்க மதினி கடலுக்கடியில ஆராய்ச்சி" என்று
தமயந்தி என்னைக் கீழே கூப்பிட்டுவிட்டாள்.
ஜெபமாலை என்ற அம்மா
குடத்தைக் கையில் வைத்தபடி கேட்டார்:
"அப்பம், அடுத்தது எப்பம்னு சொல்லுவீங்களா?"
எது என்று அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

எங்கே பூட்டிக்கொண்டிருக்கிறது என்று
ஓரளவு சொல்லலாம்.
எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம்.
எப்போது என்பது என் கோடு எதிலும் இல்லை.
"தெரியாதும்மா" என்றேன்.
அவர் குடத்தைத் தட்டிப் பார்த்தார்.
திருப்பி, வேறு இடத்தில் தட்டினார்.
"இது போதும்."
போகும்போது பையில் அச்சடித்த விலாசத்தை
எழுத்துக் கூட்டி வாசித்தார்.
எழு... கடலா?
"ஏழு கடல்ங்க, ஏழு" என்றாள் தமயந்தி, அவசரமாக.

ஒன்றை அவரிடம் சொல்லவில்லை.
கிளம்பு என்று கூப்பிட்டபோது
நங்கூரத்தை உதறிவிட்டுப் பதினொன்றுதான் வந்தன,
இருட்டில் விளக்குச் சிமிட்டிக்கொண்டு.
ஏழாவது வரவில்லை.
ராத்திரி முழுக்க அதன் தலைக்கு மேலேயே சுற்றினோம்.
கேட்டேன், கேட்டேன் என்று பதில் தந்தது.
எழுந்திருக்கவில்லை.
விடிந்ததும் டீசல் கணக்குச் சொல்லி
கப்பலைத் திருப்பிவிட்டார்கள்.

என் வரைபடத்தில் அங்கே ஒரு வெள்ளை,
தட்டு வளைந்து இறங்கும் முழங்கையில்.
ஆறையும் எட்டையும் சேர்த்து
ஒரு கோட்டை ஒட்டிவிடலாம்,
எல்லாரும் செய்வதுதான்.
மூன்று மாதமாக விட்டுவைத்திருக்கிறேன்.
மார்கழியோடு பேட்டரி தீர்ந்திருக்கும்.
அதுவரை என்னென்ன கேட்டதோ,
எங்கள் தட்டலெல்லாம் நின்ற பிறகு.

கீழே ஷட்டர் இறங்குகிறது.
"மதினி, தட்டு வெச்சாச்சு!"
கேட்டேன் என்று குரல் கொடுக்கிறேன்.
எழுந்திருக்கவில்லை.